கோப்புப் பெயரில் தேதி: சென்னைப் பத்திரங்கள் முதல் கட்டளை வரி வரை

ஒரு கோப்பின் பெயரோடு அன்றைய தேதியைத் தானாகச் சேர்க்கும் குறுநிரல், கணினி உலகின் மிகச் சிறிய கருவிகளுள் ஒன்று. 'கணக்கு' என்றிருந்த கோப்பை அது 'கணக்கு-20151201' என்று மாற்றிவைக்கிறது. யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் தேதியைச் சொல்லும் 'டேட்' கட்டளையும் பெயரை மாற்றும் 'எம்வி' கட்டளையும் சேர்ந்தால் ஒரே வரியில் வேலை முடிந்துவிடும். விண்டோஸில் 'ரென்' கட்டளை இதைச் செய்கிறது. எழுத ஐந்து நிமிடம் ஆகாது. ஆனால் எழுதத் தொடங்கியதும் சில கேள்விகள் குறுக்கே வந்து நிற்கும். நாள் முதலில் வருமா, ஆண்டு முதலில் வருமா? கோப்பு உருவான தேதியா, பெயர் மாற்றும் தேதியா? நள்ளிரவு தாண்டி நடந்த வேலைக்கு எந்தத் தேதி?

இவை கணினியோடு பிறந்த கேள்விகள் அல்ல. திருவல்லிக்கேணியில் கல்வெட்டு வெட்டியவரும், மயிலாப்பூர் சார்பதிவாளர் அலுவலகத்தில் பேரேடு எழுதியவரும், நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் கடிகாரம் பார்த்தவரும் இவற்றுக்கு ஏதோ ஒரு விடை கண்டிருக்கிறார்கள். அந்த விடைகளில் சில இன்றைய கணினிகளுக்குள்ளும் இருக்கின்றன.

ஆண்டு முன்னால் வரும் வழக்கம்

தமிழில் எழுதப்படும் கிரயப் பத்திரம் எதையாவது எடுத்துப் பார்த்தால் அதன் முதல் வரி பெரும்பாலும் ஒரே அமைப்பில் இருக்கும். '2015ஆம் வருடம் ஏப்ரல் மாதம் 3ஆம் தேதி' என்று தொடங்கி, பிறகுதான் எழுதிக் கொடுப்பவர் பெயரும் எழுதி வாங்குபவர் பெயரும் வரும். ஆண்டு, மாதம், நாள் என்பதே வரிசை. பெரிய அளவு முதலில், சிறிய அளவு கடைசியில். அதே பத்திரத்தின் அடியில் கையெழுத்துப் போடுபவர் 3-4-2015 என்று தலைகீழாக எழுதுவார். அது பிரிட்டிஷ் அலுவலக வழக்கத்திலிருந்து வந்தது. ஒரே தாளில் இரண்டு வரிசைகள் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருந்துவருகின்றன.

ஆண்டை முன்னால் வைப்பது பத்திர எழுத்தர்கள் கண்டுபிடித்ததல்ல. கல்வெட்டுகளில் மன்னன் பெயரை அடுத்து 'யாண்டு' என்று ஆட்சியாண்டு வரும். நாள், கிழமை, நட்சத்திரம் முதலியன இருந்தால் அவை அதற்குப் பின்னால்தான். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில் உள்ள பல்லவ மன்னன் தந்திவர்மனின் கல்வெட்டு அவனது 12ஆம் ஆட்சியாண்டைக் குறிக்கிறது. பிற்கால ஓலைகளிலும் காகித ஆவணங்களிலும் சாலிவாகன சகாப்தம், கலியுக ஆண்டு, அறுபதாண்டுச் சுழற்சியின் வருடப் பெயர், பிறகு மாதம், பிறகு தேதி என்று வரிசை நீண்டது. அடிக்கடி எழுதவேண்டியிருந்ததால் வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳ என்று சுருக்கக் குறிகளும் உண்டாயின. இவை மூன்றும் ஒருங்குறியில் இடம்பெற்றுள்ளன. ஆண்டுக்கு ஒரு குறி, மாதத்துக்கு ஒரு குறி, நாளுக்கு ஒரு குறி என்று 'டேட்' கட்டளைக்கு நாம் கொடுக்கும் வடிவக் குறிகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

கணினிக்கு இந்த வரிசை ஏன் முக்கியம்? கோப்புறையில் உள்ள பெயர்களை வரிசைப்படுத்தும்போது கணினி இடப்பக்கத்திலிருந்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுகிறது. அதற்கு எது ஆண்டு, எது நாள் என்று தெரியாது. 01-12-2015, 02-03-2016, 03-01-2014 என்று மூன்று கோப்புகள் இருந்தால், 2014ஆம் ஆண்டுக் கோப்பு கடைசிக்குப் போய்விடும். அவற்றையே 2014-01-03, 2015-12-01, 2016-03-02 என்று எழுதினால் பெயர்வரிசையே காலவரிசை ஆகிவிடுகிறது. மாதத்தை எழுத்தில் எழுதினால் குழப்பம் இன்னும் கூடும். தமிழில் மாதப் பெயர் இட்டுச் சேமித்தவர்களின் கோப்புறையில் அக்டோபர் முதலிலும், அடுத்து ஆகஸ்ட், ஏப்ரல், செப்டம்பர் என்றும் வந்து, ஜனவரி ஐந்தாவது இடத்தில் நிற்கும். ஆண்டு மே மாதத்தில் முடியும்.

இந்த வரிசையை உலகத் தரமாக்கிய ஐ.எஸ்.ஓ. 8601 ஆவணம் 1988இல் வெளிவந்தது. இந்தியத் தர அமைவனம் அதை ஐ.எஸ். 7900 என்ற தரமாக 2001இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் வங்கிச் சலானிலும் பள்ளிச் சான்றிதழிலும் நாம் இன்னமும் நாளைத்தான் முதலில் எழுதுகிறோம். பத்திர எழுத்தர் ஒருவருக்கு இந்தத் தரத்தைக் காட்டினால், நாங்கள் எழுதுவதும் இப்படித்தானே என்று கேட்கக்கூடும்.

இரண்டு இலக்க ஆண்டும் அறுபது வருடச் சுழற்சியும்

பழைய முறையில் ஒரு குறையும் இருந்தது. சோழ மன்னர்கள் பரகேசரி, இராசகேசரி என்ற பட்டங்களை மாறிமாறிச் சூடினர். மன்னனின் இயற்பெயர் இல்லாமல் 'பரகேசரிக்கு யாண்டு 5' என்று மட்டும் ஒரு கல்வெட்டு சொன்னால், அது எந்தப் பரகேசரி என்பதை எழுத்தமைதியைக் கொண்டும் மற்றச் செய்திகளைக் கொண்டும் ஊகிக்கவேண்டியிருக்கும். அறுபதாண்டுச் சுழற்சியிலும் இதே சிக்கல்தான். உ. வே. சாமிநாதையர் பிறந்த 1855 பிப்ரவரி 19ஆம் தேதி ஆனந்த வருடத்தில் வருகிறது. 1914-15உம் ஆனந்த வருடம்தான், 1974-75உம் ஆனந்த வருடம்தான். எழுதியவருக்கும் அவர் காலத்தவருக்கும் இதில் ஐயம் எழாது. மூன்று தலைமுறை கழித்து ஓலைக்கட்டைப் பிரிப்பவருக்கு எழும்.

இப்படிப்பட்ட தேதிகளை ஆங்கில நாட்காட்டிக்கு மாற்றுவதற்காக உழைத்தவர்களுள் சென்னையின் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை முக்கியமானவர். அரசு அதிகாரியாகப் பணியாற்றிய அவர் பிற்காலத்தில் சென்னைச் சட்டமன்ற மேலவையின் தலைவராகவும் இருந்து 1925இல் காலமானார். 1911இல் வெளிவந்த அவரது 'இந்தியன் குரோனாலஜி' என்ற நூலும், கி.பி. 700 முதல் 1799 வரைக்கும் நாள்வாரியாகக் கணித்து 1922இல் அரசு அச்சகம் பல தொகுதிகளாக வெளியிட்ட 'இந்தியன் எபிமெரிஸ்' அட்டவணைகளும் கல்வெட்டு ஆய்வாளர்களின் அன்றாடக் கருவிகள் ஆயின. திதி, கிழமை, நட்சத்திரம் மூன்றும் ஒரே நாளில் பொருந்துகின்றனவா என்று பார்த்து ஆண்டைக் கண்டுபிடிக்கும் முறை அது. இன்று ஒரு நிரல் ஒரு விநாடியில் செய்யும் தேடலைக் கையால் செய்து, விடைகளை மொத்தமாக அச்சிட்டுக் கொடுத்துவிட்டார் என்று சொல்லலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட நாட்களைக் கையால் கணித்த அந்த உழைப்புக்கு உரிய பேச்சு தமிழில் இல்லை என்பது என் கருத்து.

கணினிக்காரர்கள் அறுபது ஆண்டுகூடப் பொறுக்கவில்லை. நினைவகம் விலையுயர்ந்ததாக இருந்த நாட்களில் ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதினார்கள். 1973இல் ஐ.ஐ.டி. மெட்ராஸில் நிறுவப்பட்ட ஐ.பி.எம். 370/155 போன்ற பெருங்கணினிகளின் காலம் அது. நூறாண்டுச் சுழற்சி ஒன்றைத் தாங்களே உண்டாக்கிக்கொள்கிறோம் என்பதைப் பலர் யோசிக்கவில்லை. அந்தச் சுழற்சி 2000ஆம் ஆண்டில் முடிவதாக இருந்ததால், அதற்கு முந்தைய சில ஆண்டுகள் சென்னையின் மென்பொருள் நிறுவனங்களில் ஏராளமானோர் பழைய நிரல்களில் இரண்டு இலக்கங்களைத் தேடிப்பிடித்து நான்காக்கும் வேலையில் இருந்தனர். தரமணியில் டைடல் பூங்கா 2000இல் திறக்கப்பட்டபோது அந்த வேலை ஓய்ந்திருந்தது. அதில் பழகிய கைகள் வேறு வேலைக்கு மாறியிருந்தன.

பத்திரத்தின் இரண்டு தேதிகள்

கோப்புக்குப் பெயரிடும் முறைக்கு மிக நெருங்கிய பழைய உறவு பத்திரப் பதிவு அலுவலகத்தில்தான் உள்ளது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு சார்பதிவாளர் அலுவலகங்களில் பதிவான எந்த ஆவணமும் ஓர் எண்ணாலும் ஓர் ஆண்டாலும் அலுவலகப் பெயராலும் அடையாளப்படுகிறது. 1987ஆம் ஆண்டின் 1234ஆம் எண் ஆவணம் என்றால் அந்த அலுவலகத்தின் முதல் புத்தகத்தில் அது ஒன்றே ஒன்றுதான். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், 53ஆம் பிரிவில், ஒவ்வொரு புத்தகத்திலும் பதிவுகள் தொடர் எண் பெறவேண்டும், அந்தத் தொடர் ஆண்டோடு தொடங்கி ஆண்டோடு முடியவேண்டும், புத்தாண்டில் புதிய தொடர் தொடங்கவேண்டும் என்கிறது. ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் மோதாமல் இருக்கத் தேதியோடு ஒரு வரிசை எண்ணையும் சேர்க்கும் குறுநிரலுக்கு இதைவிட நல்ல இலக்கணம் கிடையாது.

அதே சட்டத்தின் 47ஆம் பிரிவு இன்னும் நுட்பமானது. பதிவான ஓர் ஆவணம், பதிவே தேவையில்லாதிருந்தால் எந்த நேரத்திலிருந்து செயல்பட்டிருக்குமோ அந்த நேரத்திலிருந்து செயல்படும், பதிவான நேரத்திலிருந்து அல்ல என்பது அதன் சாரம். பத்திரத்தை எழுதிக் கையெழுத்திட்ட பிறகு பதிவுக்குத் தாக்கல் செய்யப் பொதுவாக நான்கு மாத அவகாசம் உண்டு. ஆகவே ஒரு பத்திரத்துக்கு இரண்டு தேதிகள்: எழுதிக்கொடுத்த தேதி, பதிவு தேதி. ஒருவர் தன் வீட்டை மார்ச் 3இல் ஒருவருக்கும், அதை மறைத்து மார்ச் 5இல் இன்னொருவருக்கும் எழுதிக்கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாமவர் 6ஆம் தேதியே ஓடிப்போய்ப் பதிந்துவிடுகிறார். முதலாமவர் 20ஆம் தேதிதான் பதிகிறார். பேரேட்டில் இரண்டாமவரின் எண் முந்தியது. ஆனாலும் பொதுவாக முதலாமவரின் உரிமையே நிற்கும். எண்ணை மட்டும் பார்த்து வாங்கியவர் வீட்டை இழப்பார்.

தேதியிடும் குறுநிரலும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறது. 'டேட்' கட்டளை தருவது நிரல் ஓடும் நாள், அதாவது பதிவு தேதி. கோப்பில் உள்ள விவரம் எழுதப்பட்ட நாள் அதுவல்ல. போன மார்ச்சில் தயாரான கணக்கை இன்று ஒதுக்கிவைத்துப் பெயர் மாற்றினால் அது இன்றைய கணக்காகத் தோன்றும். இதற்கு மாற்று உண்டு. லினக்ஸின் 'டேட்' கட்டளையிடம் ஒரு கோப்பைக் காட்டி, அது கடைசியாக மாற்றப்பட்ட தேதியைக் கேட்கலாம். ஆனால் அந்தத் தேதியும் முழு நம்பிக்கைக்கு உரியதல்ல. யூனிக்ஸ் வகைக் கணினியில் ஒரு கோப்பை வெறுமனே நகலெடுத்தால் நகலுக்கு இன்றைய தேதிதான் கிடைக்கும். பழைய தேதியைக் காப்பாற்றத் தனியாகச் சொல்லவேண்டும். விண்டோஸில் நகலெடுத்தால் மாற்றப்பட்ட தேதி பழையதாகவும் உருவான தேதி புதியதாகவும் இருக்கும். பிறப்பதற்கு முன்பே திருத்தப்பட்ட கோப்பு என்று பார்ப்பவர் திகைப்பார். கணினி சொல்வது பொய்யல்ல. அதற்கும் இரண்டு தேதிகள்.

பதிவு அலுவலகங்களைக் கணினிமயமாக்கும் 'ஸ்டார்' திட்டம் தமிழகத்தில் 2000இல் தொடங்கியது. அதன் இரண்டாம் பதிப்பு 2018இல் நடைமுறைக்கு வந்தது. இப்போது வில்லங்கச் சான்றிதழை இணையத்தில் எடுக்கலாம். அதில் எழுதிக்கொடுத்த நாள், தாக்கல் நாள், பதிவு நாள் என்று தேதிகள் தனித்தனியாக வருகின்றன. ஒரு கோப்புப் பெயரில் எல்லாவற்றையும் அடக்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் அந்தச் சான்றிதழை ஒருமுறை பார்க்கலாம்.

அலுவலகத்துக்கு வெளியே, தெருவோரத்தில் தட்டச்சுக் கடையாக இருந்து டி.டி.பி. கடையாக மாறிய இடங்களில் நிலைமை வேறு. 'கிரயம்', 'கிரயம் புதுசு', 'கிரயம் ஃபைனல்', 'கிரயம் ஃபைனல் 2' என்று ஒரே பத்திரத்தின் நான்கு வரைவுகள் கணினித் திரையில் கிடப்பது இங்கே சாதாரணம். இவற்றுள் தவறானதை அச்சிட்டு, சர்வே எண் பிழையோடு பதிவாகிவிட்டால், பிழைத்திருத்தல் பத்திரம் ஒன்றை மீண்டும் எழுதிப் பதியவேண்டும். இதற்கு விற்றவரும் வரவேண்டும். அவர் அதற்குள் ஊரைவிட்டோ உலகைவிட்டோ போயிருந்தால், அலைச்சலுக்கு அளவே இல்லை.

யூனிக்ஸும் எட்டு எழுத்தும்

1971 நவம்பரில் பெல் ஆய்வகத்தில் தயாரான யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே 'டேட்', 'எம்வி' ஆகிய இரண்டு கட்டளைகளும் இருக்கின்றன. அப்போது நேரம் 1971 ஜனவரி 1 முதல், விநாடியில் அறுபதில் ஒரு பங்காக எண்ணப்பட்டது. 32 இருமிகளில் அந்த எண் இரண்டேகால் ஆண்டுக்குமேல் கொள்ளாது. அதை எழுதியவர்களுக்கே இது தெரிந்திருந்தது, கையேட்டில் குறும்பாகக் குறித்தும் வைத்தனர். பிறகு 1970 ஜனவரி 1 முதல் முழு விநாடிகளாக எண்ணும் முறை நிலைத்தது. அதிலும் 32 இருமிகளைப் பயன்படுத்தும் பழைய கருவிகளுக்கு 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8:44:07 மணியோடு கணக்குத் தீர்ந்துவிடும். அறுபது, நூறு, அறுபத்தெட்டு என்று சுழற்சிகள் மட்டும் மாறிக்கொண்டிருக்கின்றன.

தேதி வேண்டாம், வரிசை எண் போதும் என்று நினைத்தவர்களும் உண்டு. ஐ.பி.எம். பெருங்கணினிகளில் ஒரே பெயருள்ள கோப்புகளைத் தலைமுறை தலைமுறையாக எண்ணிட்டு, பழையதைத் தானாகக் கழித்துவிடும் ஏற்பாடு இருந்தது. டிஜிட்டல் நிறுவனத்தின் வி.எம்.எஸ். இயங்குதளம் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் பெயரின் பின்னால் பதிப்பு எண்ணை ஏற்றியது. நல்ல ஏற்பாடுகள்தாம். நம்மூரில் பரவிய டாஸ் இதையெல்லாம் தரவில்லை.

1980களின் பிற்பகுதியிலும் 90களிலும் சென்னைக் கடைகளிலும் அலுவலகங்களிலும் வந்திறங்கிய டாஸ் கணினிகளில் பெயருக்கு எட்டு எழுத்து, புள்ளிக்குப் பின் மூன்று எழுத்து, அவ்வளவுதான். ஆண்டு நான்கு, மாதம் இரண்டு, நாள் இரண்டு என்று எழுதினால் எட்டும் தீர்ந்துவிடும். எந்தக் கணக்கு, யாருடையது என்று சொல்ல இடமே இருக்காது. ஆகவே முதல் இரண்டு எழுத்தில் கணக்கின் பெயரைச் சுருக்கி, ஆண்டை இரண்டு இலக்கமாக்கி எழுதுவது எளிதான வழியாக இருந்தது. நூறாண்டுச் சிக்கலைக் கோப்புப் பெயருக்குள்ளும் புகுத்தியதில் இந்த எட்டெழுத்துக் கட்டுப்பாட்டுக்கும் பங்குண்டு. விண்டோஸ் 95 நீண்ட பெயர்களை அனுமதித்த பிறகுதான் மூச்சுவிட இடம் கிடைத்தது. தமிழில் பெயரிடுவோருக்கு இன்றைக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைகள் ஒரு பெயருக்கு 255 பைட்டு தருகின்றன. தமிழ் ஒருங்குறிக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு பிடிப்பதால் 85 குறிகளோடு நிறுத்தவேண்டும். உயிர்மெய்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள் என்பதால் உண்மையில் எழுத்துகள் அதற்கும் குறைவு.

குறுநிரல் தவறும் இடங்கள்

டாஸின் தொகுதிக் கோப்புகளில் அன்றைய தேதியை நேராக எடுக்க வழி இல்லை. விண்டோஸ் 2000 முதல் தேதியைத் தரும் ஒரு மாறி கிடைத்தது. ஆனால் அது கணினியின் வட்டார அமைப்பைப் பொறுத்த வடிவில் தேதியைத் தரும். இந்திய அமைப்புள்ள கணினியில் 01-12-2015 என்று வரும். அதிலிருந்து முதல் இரண்டு இலக்கம் நாள், கடைசி நான்கு ஆண்டு என்று வெட்டி ஒட்டும் நிரலை எழுதி, அதை அமெரிக்க அமைப்பிலேயே விட்டுவிட்ட புதிய கணினியில் போட்டால், அங்கே தேதிக்கு முன்னால் கிழமை வரும். நாள் இருக்கவேண்டிய இடத்தில் செவ்வாய்க்கிழமையின் ஆங்கிலப் பெயருடைய முதல் இரண்டு எழுத்துகள் வந்து உட்கார்ந்துவிடும். ரிச்சி தெருவில் வாங்கிய புதுக் கணினியில் பழைய நிரல் ஓடவில்லை என்ற புகாருக்குப் பலநேரம் காரணம் இவ்வளவுதான். சாய்வுக்கோடும் ஒரு பகை. 1/12/2015 என்பதை அப்படியே பெயராக வைக்க முடியாது. யூனிக்ஸில் சாய்வுக்கோடு கோப்புறையின் எல்லை. விண்டோஸும் அதைப் பெயருக்குள் ஏற்காது. நேரத்தையும் சேர்ப்பவர்கள் விண்டோஸில் முக்காற்புள்ளியையும் விட்டுவிடவேண்டும்.

லினக்ஸில் வடிவத்தை நாமே சொல்லிவிடலாம் என்பதால் வட்டாரக் குழப்பம் குறைவு. வேறு பொறி ஒன்று இருக்கிறது. அங்கே சிறிய 'எம்' மாதத்தையும் பெரிய 'எம்' நிமிடத்தையும் குறிக்கும். மைக்ரோசாஃப்ட் 2006இல் வெளியிட்ட பவர்ஷெல்லில் இது அப்படியே நேர்மாறு: பெரியது மாதம், சிறியது நிமிடம். இரண்டிலும் வேலை செய்பவர் என்றாவது ஒருநாள் 47ஆம் மாதத்தில் ஒரு கோப்பைச் சேமித்திருப்பார். குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் 'கிரான்' அட்டவணையில் சதவிகிதக் குறிக்கு வேறு பொருள் உண்டு. அதன் முன்னால் பின்சாய்வுக்கோடு இடாவிட்டால் கட்டளை பாதியில் அறுந்துவிடும். கையால் ஓட்டிப் பார்த்தபோது சரியாக இருந்த நிரல் இரவில் மட்டும் மௌனமாகத் தவறுவதற்கு இது புகழ்பெற்ற காரணம்.

மிகவும் ஆபத்தானது மோதல். ஒரே நாளில் நிரல் இரண்டு முறை ஓடினால் இரண்டு முறையும் ஒரே பெயர்தான் உருவாகும். விண்டோஸின் 'ரென்' கட்டளை அந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்பு உள்ளது என்று சொல்லி நின்றுவிடும். லினக்ஸின் 'எம்வி' கேட்காமல் பழையதை அழித்துவிட்டுப் புதியதை அந்த இடத்தில் வைக்கும். காலையில் எடுத்த நல்ல பிரதியின் மேல் மாலையில் எடுத்த பழுதான பிரதி போய் உட்கார்ந்துவிட்டால், காப்புப் பிரதி எடுத்ததே வீண். அழிக்காதே என்று சொல்லும் விருப்பத்தைச் சேர்ப்பதும், தேதியோடு மணியையும் நிமிடத்தையும் சேர்ப்பதும், இல்லாவிட்டால் சார்பதிவாளரைப் போலத் தொடர் எண் போடுவதும் இதற்கான வழிகள். ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதந்தோறும் கூடிவந்த லினக்ஸ் பயனர் குழுவும், சி-டாக்கின் சென்னை மையம் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும், 2012இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழும் இத்தகைய கட்டளைகளை இங்குள்ளவர்களுக்குப் பழக்கப்படுத்தின.

சென்னை நேரம்

நிரல் தேதியை எங்கிருந்து எடுக்கிறது என்பதும் கவனிக்கவேண்டியது. வெளிநாட்டில் இருக்கும் வழங்கிகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. ஆகவே சென்னையில் நள்ளிரவு 12 மணி முதல் அதிகாலை 5:30 வரை ஓடும் எந்த நிரலும் முந்தைய நாளின் தேதியைத்தான் பெயரில் போடும். டிசம்பர் 2 அதிகாலை இரண்டு மணிக்கு எடுத்த பிரதி டிசம்பர் 1 ஆகிவிடும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பஞ்சாங்க முறையில் நாள் பிறப்பது நள்ளிரவில் அல்ல, சூரிய உதயத்தில். சென்னையில் சூரியன் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 5:40க்கும் 6:40க்கும் இடையேதான் உதிக்கிறது. எங்கோ இருக்கும் வழங்கி, தன்னையறியாமல் மயிலாப்பூர் மாடவீதிப் பஞ்சாங்கத்தை ஒட்டியே நாளை மாற்றுகிறது.

சென்னைக்குத் தனி நேரமே இருந்த காலம் உண்டு. நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டப்பட்ட வானாய்வகத்தின் கணிப்பை ஒட்டிய மெட்ராஸ் நேரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்வேக்களின் பொது நேரமாக இருந்தது. அந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் கல்லூரிச் சாலையில் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. 1906 ஜனவரி 1 முதல் இந்தியச் சீர்நேரம் வந்தது. ஆனால் கணினிகள் மெட்ராஸ் நேரத்தை மறக்கவில்லை. உலகக் கணினிகள் எல்லாம் நம்பியிருக்கும் நேரவலயத் தரவுத்தளத்தில் இந்தியாவுக்கான பதிவு கொல்கத்தாவின் பெயரில் இருக்கிறது. அதற்குள் 1870 முதல் 1905 வரையிலான காலத்துக்கு மெட்ராஸ் நேரம் என்ற பெயரோடு 5 மணி 21 நிமிடம் 10 விநாடி என்ற வேறுபாடு எழுதப்பட்டுள்ளது. லினக்ஸ் கணினியில் நேரவலயத்தைக் கொல்கத்தா என்று வைத்து, 1900ஆம் ஆண்டின் ஒரு நாளை 'டேட்' கட்டளையிடம் கேட்டுப் பாருங்கள். ஊரின் பழைய பெயரின் முதலெழுத்தோடு விடை வரும்.

கைப்பேசிகள் இடும் பெயர்

இப்போது கட்டளை வரியைத் தொட்டே பார்க்காதவர்களின் கையிலும் இந்தக் குறுநிரல் இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பல, எடுத்த படத்துக்கு ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி என்ற வரிசையில் தாமாகவே பெயரிடுகின்றன. முந்தைய டிஜிட்டல் கேமராக்கள் நான்கு இலக்கத் தொடர் எண் மட்டும் இட்டன. 9999க்குப் பிறகு எண் முதலிலிருந்து தொடங்கும். ஒரே பெயரில் இரண்டு படங்கள் வந்து, கணினிக்கு மாற்றும்போது ஒன்று மற்றொன்றின் மேல் ஏறிய வீடுகள் பல.

2015 டிசம்பர் 1 இரவும் 2ஆம் தேதியும் அடையாற்றில் வெள்ளம் கரைமீறிக் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டைப் பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தது. பீரோவின் அடித்தட்டில் இருந்த பத்திரங்களும் சான்றிதழ்களும் ஊறிக் கூழாயின. பின்னர் அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி மாற்றுச் சான்றிதழ்கள் கொடுத்தது. பத்திரத்தைப் படம் எடுத்தோ வருடி எடுத்தோ வைத்திருந்தவர்களுக்கு ஆவண எண்ணும் ஆண்டும் கையில் இருந்தன. சான்றிட்ட நகல் கேட்டு விண்ணப்பிக்க அவைதாம் வேண்டும். கணினி முழுவதும் தேடி, 'ஸ்கேன்1', 'ஸ்கேன்2' என்ற பெயர்களுக்கிடையே எதைத் திறப்பது என்று தெரியாமல் தவிப்பதற்கும், '1987-1234-மயிலாப்பூர்' என்ற பெயரைத் தேடி உடனே எடுப்பதற்கும் உள்ள வேறுபாடு அப்போது பெரியதாக இருந்தது.

அந்த வெள்ளப் படங்கள் இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையின்போதும் பழைய படங்கள் புதியவை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் பரவுகின்றன. அந்தச் செயலி தான் பெற்ற படத்துக்குத் தேதியிட்டுப் பெயர் வைப்பது ஒரு காரணம். அது பெற்ற தேதி, எடுத்த தேதி அல்ல. 47ஆம் பிரிவு சொல்லும் வேறுபாடேதான். கேமரா படத்துக்குள் எழுதிவைக்கும் எக்ஸிஃப் தகவலில் எடுத்த நேரம் இருக்கும். ஆனால் வாட்ஸ்அப் வழியாகப் படமாக அனுப்பும்போது அது களையப்பட்டுவிடுகிறது. ஆவணமாக இணைத்து அனுப்பினால் அப்படியே போகும். மூலப்படம் கையில் இருப்பவர்கள் 'எக்ஸிஃப்டூல்' என்ற கட்டளை வரிக் கருவியைக் கொண்டு, ஒரு கோப்புறை நிறைய உள்ள படங்களுக்கு எடுத்த தேதியையே பெயராக ஒரே கட்டளையில் மாற்றிவிடலாம். கேமராவின் கடிகாரம் சரியாக இருந்திருக்கவேண்டும், அவ்வளவுதான். மின்கலம் தீர்ந்து மீண்டும் உயிர்பெற்ற பழைய கேமராக்களில் பல, தாம் தயாரான ஆண்டின் ஜனவரி 1ஆம் தேதிக்கே திரும்பிப் போயிருக்கும்.